"தோலை உரிச்சிடுங்க ஃபாதர்"



பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் பலர் சொல்லும் வாசகம் ஒன்று உண்டு: "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க ஃபாதர்." பாதி வேடிக்கை, மீதிப் பாதி நிஜம். சாமியார் பள்ளிக்கூடம் என்றால் கண்டிப்பு, கண்டிப்பு என்றால் அடி என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. சனவரி 31 தூய தொன் போஸ்கோ திருநாள். அவர் என்ன செய்தார் என்று பார்ப்போம்.

1841 டிசம்பர் 8, அமல உற்பவத் திருநாள். இத்தாலியின் துரின் நகரில், அசிசியார் கோவிலின் திருவுடை அறையில் பர்த்தலோமேயு கரேல்லி என்ற பையன் நிற்கிறான். தாய் தந்தை இல்லாதவன். கொத்து வேலை செய்பவன். பூசைக்கு உதவத் தெரியாது என்று அவன் சொன்னதும் கோவில்பிள்ளை அடித்துத் துரத்துகிறார். பூசைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த இளம் குருவான தொன் போஸ்கோ, அவன் தம் நண்பன் என்று சொல்லித் திரும்ப அழைக்கச் செய்கிறார். பூசை முடிந்ததும் அவனோடு உட்கார்ந்து பேசுகிறார். தங்கள் பணி இங்கேதான் தொடங்கியது என்பார்கள் சலேசியர்கள்.

அன்றைய துரினுக்கும் நம் ஒரகடத்தைப் போலவே, பிழைப்புத் தேடி ஊரை விட்டு வந்தவர்கள் திரண்டார்கள். 1852-இல் ஒரு பையனைத் தச்சரிடம் தொழில் பழக விட்டபோது, தொன் போஸ்கோ ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்து வாங்கினார். பையனைச் சொல்லால் மட்டுமே திருத்த வேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை. 1877-இல் தம் கல்விமுறையை விளக்கி எழுதும்போது, அடிப்பது, வலிக்க முட்டிபோட வைப்பது, காதைத் திருகுவது எல்லாவற்றையும் அறவே விலக்கச் சொன்னார். சட்டம் தடுக்கிறது, பிள்ளைக்கு ஆத்திரம் மூட்டுகிறது, ஆசிரியரையே சிறுமைப்படுத்துகிறது என்று மூன்று காரணங்கள் சொன்னார். மூன்றாவதைத்தான் நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

நம் நாட்டில் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவில், உடல் தண்டனையோடு மனத்தை வதைப்பதையும் தடுக்கிறது. அந்தச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததைச் சுட்டி, "அப்போ நமக்கு விலக்குதானே?" என்று கேட்பவர்களும் உண்டு. தமிழ்நாடு கல்வி விதிகள் 2003-லேயே உடல் தண்டனையை விலக்கிவிட்டன. அதுவே இல்லையென்றாலும், பிள்ளையை அடிக்கச் சலுகை தேடுவது கத்தோலிக்கப் பள்ளிக்கு அழகா?

"கையைக் கட்டிப்போட்டா வகுப்பை எப்படி நடத்துறது?" என்ற ஆசிரியர்களின் ஆதங்கத்தில் நியாயம் இருக்கிறது. தொன் போஸ்கோவும் பிள்ளைகளை அவிழ்த்துவிடவில்லை. ஒழுங்குகளை முன்னதாகவே தெளிவாகச் சொல்லி, விளையாட்டுத் திடல்வரை பிள்ளைகள் நடுவிலேயே இருந்தார். கண்டிக்க வேண்டியிருந்தால் பிறர் முன்னிலையில் வேண்டாம், தனியாக அழைத்துச் செய்யுங்கள் என்றார். பிரம்பை எடுக்க ஒரு நிமிடம் போதும். இதற்கோ முழு நாளும் தேவை. அந்த நேரம்தான் இன்று யாரிடமும் இல்லை.

இருங்காட்டுக்கோட்டையிலோ ஒரகடத்திலோ நைட் ஷிப்ட் முடித்த தாய் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும்போது, பிள்ளை தானாகவே கிளம்பிப் பள்ளிக்குப் போயிருப்பான். முதல் பாடவேளையில் அவன் தலை சாய்ந்தால் அதைத் திமிர் என்கிறோம். வீட்டுப்பாடம் எழுதாதவனுக்கு அதைப் பார்க்க வீட்டில் யாராவது விழித்திருந்தார்களா என்று கேட்பதில்லை. தோலை உரிக்கச் சொல்கிற பெற்றோரும், பல வீடுகளில், நாள் முழுக்கப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாதவர்கள்தான்.

எனவே வகுப்பாசிரியர்கள் வருகைப் பதிவேட்டின் ஓரத்தில் பெற்றோரின் ஷிப்டையும் குறித்துக்கொண்டால் நல்லது. பெற்றோர் கூட்டத்தை வேலைநாள் மதியத்தில் வைத்தால் அன்றைய சம்பளம் போகும். ஞாயிறு திருப்பலிக்குப் பின் வைக்கலாம். பெற்றோரே, ஷிப்ட் மாறும் வாரத்தில் பிள்ளையின் நாட்குறிப்பில் ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.