கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு குடித்தனம்



வட்டுக்கோட்டையில் எனக்கு வேண்டிய ஒரு குடும்பம் இருக்கின்றது. சென்ற விடுமுறையில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஒன்பது வயது மகள் விறாந்தையில் அமர்ந்து அழுதுகொண்டிருந்தாள். "மௌலவி, இன்டைக்கும் ரெண்டு மீன் செத்துப்போச்சு" என்றாள். வாப்பா ஆசையாக வாங்கிக் கொடுத்த மீன் தொட்டி. மூன்று வாரத்தில் பாதி மீன் போய்விட்டது. "கண்ணூறுதான்" என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாம். உம்மாவும் அரைகுறையாக நம்பிவிட்டார்.

தொட்டியைப் பார்த்தேன். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். விளிம்பு வரை நிரப்பினால் சுமார் ஐம்பத்தேழு லீற்றர் தண்ணீர் பிடிக்கும். அதற்குள் ஒரு தங்கமீன், இரண்டு ஏஞ்சல், நான்கு டைகர் பார்ப், எஞ்சியிருந்த ஓரிரு நியோன் டெட்ரா. கடைக்காரர் அழகு பார்த்துக் கட்டிக் கொடுத்திருக்கிறார். குணம் பார்க்கவில்லை.

டைகர் பார்ப் சும்மா இருக்காது. நீண்ட செட்டையுள்ள மீன்களைக் கண்டால் கடித்துப் பார்க்கும். ஏஞ்சலின் செட்டையோ பட்டுத் துணிபோல் தொங்கும். ஏஞ்சல் பார்வைக்குச் சாது. ஆனால் வளர்ந்தபின் வாய்க்குள் அடங்கும் சின்ன நியோனை விழுங்கிவிடும். தங்கமீனோ குளிர்ந்த தண்ணீரை விரும்புவது, நிறையத் தின்று நிறையக் கழிவு விடுவது. நம் வெயிலில், அவ்வளவு சிறிய தொட்டியில், அதை மற்றவற்றோடு வைப்பது இரு சாராருக்கும் அநியாயம். சண்டை மீனில் இரண்டு ஆண்களை ஒன்றாக விடவே கூடாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இன்னொரு விஷயம், தண்ணீர். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் இருக்கின்றது. நம் கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படிவைச் சுரண்டாத பெண் யார்? அந்தக் கடின நீரில் நியோன் போன்ற மென்னீர் மீன்கள் வாடும். ஆனால் அதே கிணற்று நீர் கப்பி, மொலி, பிளட்டி, வாள்வால் மீன் ஆகியவற்றுக்கு மிகவும் ஏற்றது. இவை குட்டி போடும் இனங்கள், விலையும் அதிகமில்லை. ஊர்த் தண்ணீருக்கு ஏற்ற மீனை வாங்குவதை விட்டு, மீனுக்காகத் தண்ணீரை மாற்ற மருந்து வாங்குவது வீண் செலவு. விவசாய உரமும் மலசலகூடக் குழிகளும் காரணமாக இங்குள்ள பல கிணறுகளில் நைத்திரேற்று கூடுதலாக இருப்பதும் தெரிந்ததே. தொட்டி சீக்கிரம் பச்சை பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். மொலி அந்தப் பாசியைக் கொறிக்கும்.

நம் நாட்டு மீனையே வளர்க்க விரும்புகிறவர்கள் செரி பார்ப்பைக் கேட்டு வாங்கலாம். சிங்களத்தில் 'லே திட்டேயா' என்பார்கள். உலகில் இலங்கையின் தென்மேற்கு ஈரவலய ஓடைகளில் மட்டுமே இயற்கையாக வாழும் மீன் இது. 1929இல் தெரணியகல அதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். ஐந்து சென்ரிமீற்றருக்கு மேல் வளராது, யாரையும் கடிக்காது. ஓடையில் பிடித்ததை வாங்காமல் பண்ணையில் பெருக்கியதையே வாங்குங்கள். அதுதான் நம் தண்ணீருக்கும் ஓரளவு பழகும். ஆறு மீனாவது சேர்ந்திருந்தால்தான் அச்சமின்றித் திரியும்.

இனி, உணவு. பூனையைக் கட்டிப்போட்டு உணவளிக்காமல் கொன்ற பெண்ணைப் பற்றிய ஹதீஸை எல்லோரும் கேட்டிருப்போம். மீன் தொட்டியில் நடப்பது பெரும்பாலும் அதற்கு நேர் எதிர். அன்பு மிகுதியால் கொட்டிக் கொட்டிக் கொல்கிறோம். உம்மா அடுப்படியில் நிற்கும்போது அந்தச் சிறுமி நாளுக்கு ஐந்து தடவை பிடி பிடியாகப் போட்டிருக்கிறாள். தின்னாதது அடியில் அழுகி அமோனியாவாகும். அது மீனின் பூவை எரிக்கும். கிருமி வகைகள் சில அதை முதலில் நைத்திரைற்றாகவும் பின்னர் அவ்வளவு ஆபத்தில்லாத நைத்திரேற்றாகவும் மாற்றும். புதுத் தொட்டியில் அந்தக் கிருமிகள் பெருக நான்கு முதல் ஆறு வாரம் செல்லும். கண்ணூறு என்று சொன்னது இந்த மூன்றாம் வாரத்தைத்தான்!

(மத்ரஸாவில் ஓதிய காலத்தில் நானும் ஒரு போத்தல் கப்பியைப் பாண் துண்டு போட்டே முடித்தவன். ஆகவே பிள்ளையைக் கோபிக்க எனக்கு உரிமையில்லை.)

நாளுக்கு ஒரு தடவை, கூடினால் இரண்டு தடவை. இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு மட்டும். சோறு, பாண், பிஸ்கட் வேண்டாம். வாயைப் பார்த்தாலே யாருக்கு எங்கே உணவு என்பது புரியும். கப்பியின் வாய் மேல்நோக்கி இருக்கும்; மேலே மிதப்பதைத் தின்னும். கொரிடோராஸின் வாய் கீழ்நோக்கியது. அதற்கு அடியில் போய்ச் சேரும் வில்லை உணவு வேண்டும். 'மிச்சத்தைத் தின்று வாழும்' என்று விட்டால் அது பட்டினிதான். வாரம் ஒருமுறை அவித்துத் தோல் நீக்கிய பட்டாணியோ கீரைத் துண்டோ கொடுங்கள். மொலிக்கு அது அவசியம். நுளம்புக் குடம்பி கப்பிக்குப் பலகாரம். அதற்காக வாளியில் தண்ணீர் தேக்கி டெங்குவை வீட்டுக்குள் அழைத்துவிடாதீர்கள். மீன் செத்து வெறுமையான தொட்டியையும் உடனே கவிழ்த்து வையுங்கள்.

வாரத்துக்கு ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றினால் போதும். குழாய் நீரானால் ஒரு நாள் திறந்து வைத்து, குளோரின் போனபின் ஊற்றுங்கள். எல்லாவற்றையும் வெளியே எடுத்துச் சவர்க்காரம் போட்டுக் கழுவுவது நம் பெண்களின் சுத்தப் பழக்கம். இங்கே அது கூடாது. நல்ல கிருமியும் போய்விடும்.

வேண்டாத மீனைக் குளத்திலோ, அராலிப் பக்கம் கடலேரியில் சேரும் வழுக்கையாற்றிலோ விடுவதும் பெரும் தவறு. தொட்டி துப்புரவாக்க வாங்கிய சக்கர் மீன், பெருத்துப்போனதும் இப்படி விடப்பட்டு, இலங்கையின் நீர்நிலைகளில் இன்று தொல்லையாகிவிட்டது.

தங்கமீனையும் பார்ப்புகளையும் பெரிய தொட்டி வைத்திருக்கும் உறவினர் ஒருவரிடம் தனித்தனியாக ஒப்படைத்தோம். ஏஞ்சலும் எஞ்சிய நியோனும் கடைக்கே திரும்பின. ஐந்து வாரம் தொட்டியில் இரண்டு பிளட்டி மட்டும். உணவு டப்பாவை உம்மா அலுமாரியில் பூட்டி, காலையில் ஒரு தேக்கரண்டி நுனியளவு மகளின் கையில் கொடுத்தார். பிறகு கப்பிகள் வந்தன. ஓர் ஆணுக்கு இரண்டு பெண் என்ற கணக்கில், மொத்தம் ஆறு. போன கிழமை தொலைபேசியில் அந்தச் சிறுமி, "மௌலவி, குட்டி போட்டிருக்கு! பதினேழு எண்ணினேன், ஓடுறதால சரியா எண்ண முடியேல்ல" என்றாள். தாய் மீன்களே குட்டிகளைத் தின்றுவிடும், மிதக்கும் பாசிக் கொத்தொன்றை உடனே போடு என்று சொன்னேன்.