பந்து எல்லார் காலுக்கும் வரவேண்டும்

சிறுவர் அணிக்கு ஏற்ற தாக்குதல் முறை எது?

பள்ளிகள் வேனில் விடுமுறைக்காக மூடப்பட்டுவிட்டால், மட்டாஞ்சேரியிலும் ஃபோர்ட் கொச்சியிலும் பந்து உருளாத வெற்றிடம் காண்பது அரிது. பரேடு மைதானத்தில் ஒரே வேளையில் பல ஆட்டங்கள் ஒன்றையொன்று ஊடறுத்து நடைபெறும். தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுத்துவரும் தோபிகானா இருக்கும் வெளிப் பகுதியிலும் அவ்வாறே. தமிழ் வீட்டுப் பிள்ளைகளும் மலையாள வீட்டுப் பிள்ளைகளும், கொங்கணியும் குஜராத்தியும் பேசும் வீடுகளின் பிள்ளைகளும் ஒரே பந்தைத் துரத்துகின்றனர். பிழைப்பை நாடி வந்த ஊர் சொந்த ஊராக மாறுவது பெரும்பாலும் இத்தகைய மைதானங்களில்தான்.

எனினும் இவ்வாட்டங்களைச் சற்று ஊன்றி நோக்குவோர்க்கு ஒரு குறை புலப்படாமற் போகாது. அணியிலே பதினொருவர் இருப்பர். ஆடுபவர் இருவரோ மூவரோதான். வளர்ந்த பையன் ஒருவன் முன்னே நிற்பான். பின்னாலிருப்பவர் பந்தை ஓங்கி உதைத்து அவனிடம் அனுப்புவர். அவன் ஓடுவான், கோல் அடிப்பான், அணி வெல்லும். மெலிந்த பையன் ஒருவன் ஒரு மணி நேரம் ஓரத்தில் நின்று, பந்தைத் தொடாமலே வீடு திரும்புவான். நாலைந்து மாலைகள் அவ்வாறு கழிந்தபின் அவன் மைதானத்துக்கே வருவதில்லை. இது பையனின் குற்றமன்று. அணிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆட்டமுறையின் குற்றம். ஆதலின், சிறுவர் அணிக்கு எந்தத் தாக்குதல் முறை தகும், அதனை எவ்வாறு நடத்துவது என்பதை இவ்விதழில் ஆராய்வோம்.

முறைகள் பிறந்த வரலாறு

ஆட்டமுறை என்பது மைதானத்தில் யார் எங்கே நிற்பது, பந்து எவ்வழியாக முன்னேறுவது என்பதைப் பற்றிய ஓர் உடன்பாடேயாகும். முற்காலத்தில் பின்னே இருவர், இடையே மூவர், முன்னே ஐவர் என நிற்பது வழக்கமாயிருந்தது. 1925-இல் ஆப்ஸைடு விதி திருத்தப்பட்டு முன்னணியினர்க்குச் சலுகை கூடியது. உடனே லண்டன் ஆர்செனல் அணியின் ஹெர்பர்ட் சாப்மன் இடையிலிருந்த ஒருவரைப் பின்னே இழுத்து மூவரைக் காவலுக்கு நிறுத்தினார். 1953-இல் ஹங்கேரி அணி தன் நடு முன்னணி வீரரைப் பின்னுக்கு இழுத்து ஆடவைத்து, வெம்ப்ளி மைதானத்தில் இங்கிலாந்தை ஆறுக்கு மூன்று கோல் என்ற கணக்கில் தோற்கடித்தது. நால்வர் பின்னும் இருவர் இடையும் நால்வர் முன்னுமாக நிற்கும் முறையைக் கொண்டு பிரேசில் 1958-இல் உலகக் கோப்பையை வென்றது. ஒவ்வொரு மாற்றமும் கைவசம் இருந்த ஆட்டக்காரரையும் எதிரே நின்ற சூழ்நிலையையும் பார்த்துச் செய்யப்பட்டதே என்பதை நாம் கவனித்தல் வேண்டும்.

ரஹீம் காட்டிய வழி

நம் நாட்டில் இதனை நன்குணர்ந்தவர் ஐதராபாத்தைச் சேர்ந்த சையது அப்துல் ரஹீம். பள்ளி ஆசிரியராயிருந்து பயிற்சியாளரானவர். இவரது பயிற்சியில் இந்தியா 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றது. இளைஞர்களுக்காக அவர் வகுத்த போட்டிகள் விந்தையானவை. பந்தைத் தட்டிக்கொண்டே ஓடுவது கூடாது, உடனே அடுத்தவர்க்குத் தந்துவிட வேண்டும் என்பது ஒருவகைப் போட்டி. பழகாத காலினால் மட்டுமே உதைக்க வேண்டும் என்பது மற்றொரு வகை. முதலாவதில் தனித்து ஓடுபவன் தோழனைத் தேடக் கற்றான். இரண்டாவதில் வலக்காலன் இடக்காலையும் பெற்றான். முறையைப் புகுத்துமுன் அம்முறைக்கு வேண்டிய கால்களை அவர் ஆக்கிக்கொண்டார் என்பதே இதன் பொருள்.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ரஹீம் செய்த தேர்வு இன்றும் நினைக்கத்தக்கது. முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் இந்தியா தோற்றது. பின்காவலரான ஜர்னெயில் சிங் தலையில் அடிபட்டுத் தையல் இடப்பட்டிருந்தார். வேறொருவராயின் அவரை இளைப்பாறச் சொல்லியிருப்பர். ரஹீமோ அவரை நடு முன்னணியில் நிறுத்தினார். அரையிறுதியிலும் இறுதியிலும் அவர் கோல் அடித்தார். இறுதியாட்டத்தில் அதே தென் கொரியாவை இரண்டுக்கு ஒன்று என வென்று இந்தியா தங்கம் கொணர்ந்தது. அவ்வணியின் கோல் காவலர் பீட்டர் தங்கராஜ் என்பது நம்மவர்க்குப் பெருமை தரும் செய்தி.

ரஹீமின் பயிற்சியில் 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஆடிய தமிழர் சைமன் சுந்தரராஜ். அவரே பின்னர் கேரள மாநில அணிக்குப் பயிற்சியாளரானார். 1973 டிசம்பர் 27-இல் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரி மைதானத்தில் கேரளம் இரயில்வே அணியை மூன்றுக்கு இரண்டு என வென்று முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையைக் கைக்கொண்டது. மூன்று கோல்களையும் அடித்தவர் அணித்தலைவர் மணி. துணைத்தலைவர் டி. ஏ. ஜாஃபர், நமக்கு அண்டையிலுள்ள ஃபோர்ட் கொச்சிக்காரர். அதே ஜாஃபர் பயிற்சியாளராக நின்று 1992-இல் கோயம்புத்தூரிலும் 1993-இல் கொச்சியிலும் கேரளத்துக்கு அக்கோப்பையை மீண்டும் பெற்றுத் தந்தார். ஐதராபாத் ஆசிரியரிடம் கற்றவர் தமிழர். தமிழரிடம் கற்றவர் ஃபோர்ட் கொச்சிக்காரர். கல்வி கைம்மாறும் இவ்வழி மொழி எல்லையை அறியாது.

அமெரிக்கர் ஆட்டத்திலிருந்து ஒரு பாடம்

நம்மிற் சிலரது உறவினர் அமெரிக்காவில் வாழ்கின்றனர். அங்கே ஃபுட்பால் என்றால் வேறோர் ஆட்டம். முட்டை வடிவான பந்தைக் கையிலேந்தி ஓடுவதும் எறிவதுமே அதில் முதன்மை. அங்கும் பக்கத்துக்குப் பதினொருவர்தான். நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும் என்பது விதி. ஒவ்வொரு முயற்சிக்குப் பின்னும் ஆட்டம் நிற்பதால், அடுத்து என்ன செய்வது என்பதைப் பயிற்சியாளர் வெளியிலிருந்தே சொல்லியனுப்ப இயலும். ஆகையால் அங்கே சிறுவர் அணிக்குத் தாக்குதல் முறையைத் தேர்வது ஒரு தனிக் கலையாக வளர்ந்துள்ளது. பந்தை நன்றாக எறியவல்ல பையன் இருந்தால் ஆட்களைப் பரப்பி நிறுத்தும் முறை தகும். சிறிய உருவினர் மிகுந்திருந்தால் போக்குக்காட்டியும் கோணம் பார்த்துத் தடுத்தும் ஆடும் ‘விங்-டி’ முறை தகும். இவை எதுவுமின்றி, விரைந்து ஓடும் ஒருவனிடமே பந்தைத் தந்து மைதானத்தின் ஓரமாய்ச் சுற்றி ஓடச் செய்வதும் உண்டு. சிறு வயதில் அது எளிதாக வெல்லும். ஆனால் எதிரணிப் பையன்களும் வளர்ந்து விரைவு பெற்றபின் அது பலிப்பதில்லை. மற்றப் பதின்மரோ அதற்குள் எதனையும் கல்லாமலே காலங்கழித்திருப்பர்.

நம் மைதானத்தில் காணும் ஓங்கி உதைக்கும் ஆட்டமும் இதற்கு நிகரானதே. ஒரே பிரிவில் ஆடுவோரிலும் ஜனவரியில் பிறந்தவனுக்கும் டிசம்பரில் பிறந்தவனுக்கும் ஏறத்தாழ ஓராண்டு வேறுபாடு உண்டு. பத்து வயதில் ஓராண்டு என்பது பெரிய வேறுபாடன்றோ! இன்று உயரமாயிருப்பதனால் முன்னே நிறுத்தப்படுபவன் நாளை மற்றவரோடு ஒப்ப நிற்பான். அப்போது அவனிடமும் கலை இராது. பின்னே நிறுத்தப்பட்டவனிடமும் இராது.

மேலும், நம் கால்பந்தாட்டத்தில் ஆட்டம் இடையிடையே நின்று காத்திருப்பதில்லை. பயிற்சியாளர் ஓரத்திலிருந்து கூவுவதைக் கேட்டு முடிப்பதற்குள் பந்து கைவிட்டுப் போய்விடும். ஆதலின் முறை பயிற்சியாளரின் குறிப்பேட்டில் இருந்து பயனில்லை; சிறுவனின் தலைக்குள் இருத்தல் வேண்டும். அது எளியதாயிருந்தாலன்றி அங்கே தங்காது.

நாம் தேர்வது எது?

பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர்க்குப் பதினொருவர் ஆட்டம் வேண்டா என்பதே நம் கருத்து. பெரிய மைதானத்தில் சிறிய கால்கள் ஓடிக் களைப்பதே மிஞ்சும். கேரளத்தில், சிறப்பாக மலபாரில், எழுவர் ஆடும் ‘செவன்ஸ்’ ஆட்டம் ஊர்தோறும் புகழ் பெற்றது. அவ்வளவே சிறுவர்க்குப் போதும். கோல் காவலர் நீங்கலாகப் பின்னே இருவர், இடையே மூவர், முன்னே ஒருவர் எனும் அமைப்பை நாம் பரிந்துரைக்கிறோம். இதில் பந்தை உடையவனுக்கு இருபுறமும் தோழர் இருப்பர். எப்பக்கம் நோக்கினும் முக்கோணம் ஒன்று அமையும். ஒருவனையே நம்பியிருக்க வேண்டிய நிலையும் இராது.

இம்முறையை நடத்த மூன்றே விதிகள் போதும். முதலாவது, பந்து நம்மிடம் இருக்கையில் இடையணியின் ஓரத்திலுள்ள இருவரும் கோட்டருகே அகன்று நிற்க வேண்டும். இரண்டாவது, பந்தைத் தந்தவன் நின்றுவிடாமல் புதியதோர் இடத்துக்கு நகர வேண்டும். மூன்றாவது, பின்னிருப்போரில் ஒருவன் முன்னேறினால் மற்றவன் காவலுக்குத் தங்க வேண்டும். இம்மூன்றும் சிறுவர்க்கு இயல்பாகிவிட்டபின் வேறு நுட்பங்களைப் பற்றி எண்ணலாம், அதுவரையில் வேண்டா.

பயிற்சி செய்யும் விதம்

நால்வர் வட்டமாக நின்று தம்முள் பந்தைத் தர, நடுவே ஒருவன் அதனைப் பறிக்க முயலும் ஆட்டத்தோடு ஒவ்வொரு மாலையும் தொடங்கலாம். அடுத்துப் பத்து நிமிடம் ரஹீம் வழியில் தட்டியோடுதலின்றி ஆடச் செய்யலாம். பின்னர்ப் பத்து நிமிடம் பழகாத காலினால் மட்டும். எஞ்சிய நேரமெல்லாம் ஆட்டமே. வரிசையாக நிறுத்திவைத்து நெடுநேரம் உரை நிகழ்த்துதல் தகாது.

மைதானத்தில் கூவும் சொற்களையும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும். பல மொழிப் பிள்ளைகள் கூடியாடும் நம் ஊரில் இஃது இன்றியமையாதது. ‘தா’, ‘வா’, ‘விடு’, ‘போ’ ஆகிய நான்கும் தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவானவை. பிற மொழிப் பிள்ளைகளும் ஒரே நாளில் கற்றுவிடுவர். இந்நான்கினால் ஓர் ஆட்டம் முழுவதையும் நடத்தலாம்.

ஜூன் பிறந்து மழை இறங்கியதும் முறையைச் சற்றே மாற்றிக்கொள்ள நேரும். நீர் தேங்கிய தரையில் தரையோடு உருட்டும் பந்து பாதியிலேயே நின்றுவிடும். அக்காலத்தில் தோழர் இன்னும் அருகில் நிற்பதும், பந்தைச் சற்றே தூக்கித் தருவதும் நன்று. மழையைக் காரணங்காட்டிப் பழைய ஓங்கி உதைக்கும் வழிக்குத் திரும்புதல் மட்டும் கூடாது.

யாரையும் ஓரிடத்தில் நிலையாகக் கட்டிவைத்தல் ஆகாது. இவ்வாரம் பின்னே நின்றவன் அடுத்த வாரம் இடையிலும் அதற்கடுத்த வாரம் முன்னேயும் ஆடட்டும். கோல் காவலும் முறைவைத்து மாறட்டும். பருத்த பையன் பின்காவலுக்கே உரியவன் என்றும், சிறுமியர் ஓரத்துக்கே உரியவர் என்றும் முடிவு கட்டுவது அறியாமை. பின்காவலராயிருந்த ஜர்னெயில் சிங் தங்கப் பதக்க ஆட்டத்தில் கோல் அடித்ததை அவ்வாறு கூறுவோர்க்கு நினைவூட்டலாம்.

பெற்றோர்க்கு ஒரு வார்த்தை

இவ்வாறு பயிலும் அணி தொடக்கத்தில் சில ஆட்டங்களில் தோற்கும் என்பதை நாம் மறைக்க விரும்பவில்லை. நெருக்கடியிலும் பந்தைத் தோழனுக்குத் தர முயலும் சிறுவர் பறிகொடுக்கவே செய்வர். எதிரணியின் உயரமான பையன் அப்பந்தை எடுத்து ஓடி கோல் அடிப்பான். கோட்டருகே நிற்கும் தந்தையர்க்கு அவ்வேளையில் ‘ஓங்கி உதை’ என்று கூவத் தோன்றும். அங்கேதான் பொறுமை வேண்டும். அவ்வொரு கூவல் பல மாலைகளின் பயிற்சியை அழித்துவிடும். இனித் தவறினால் ஏசுவார் என்றெண்ணிப் பிள்ளை பந்தை விரும்புவதையே விட்டுவிடுவான்.

தொழிலின் பொருட்டு ஊர்விட்டு ஊர் வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இம்மைதானம் வெறும் பொழுதுபோக்கன்று. பேச்சில் தயங்குபவனும் பந்தைப் பெறும்போது தன் பெயர் சொல்லி அழைக்கப்படுகிறான். அவனுக்குப் பந்து வராத முறை எத்தனைக் கோப்பைகளை ஈட்டித் தந்தாலும் நமக்கு வேண்டியதன்று.

ஆகவே அன்பர்கள் ஒரு சிறு வழக்கத்தைக் கைக்கொள்ள வேண்டுகிறோம். மாலையில் மண்படிந்த கால்களோடு பிள்ளை வாயிற்படி ஏறும்போது, ‘எத்தனை கோல்?’ என்று வினவாமல், ‘இன்று உன் காலுக்கு எத்தனை முறை பந்து வந்தது? நீ யாருக்கெல்லாம் தந்தாய்?’ என்று வினவுங்கள். அவ்விடையைக் கொண்டே அணியின் முறை சரிதானா என்பதை அறிந்துகொள்ளலாம்.