அங்கே இப்போது மணி என்ன?



சில வருடங்களுக்கு முன் நம் பகுதியில் ஒரு பெரியவர் மாலையில் வஃபாத்தானார். துபாயில் இருந்த மகன் கிடைத்த விமானத்தில் இடம் பிடித்து, "காலை 6.30-க்கு மதுரை ஃபிளைட்" என்று மட்டும் செய்தி அனுப்பினார். நாலு மணி நேரப் பயணம், 10.30-க்கு மதுரை, 11.30-க்குள் வீடு என்று கணக்குப் போட்டு, அதற்குத் தக்கபடி ஜனாஸா நேரத்தை முடிவு செய்தார்கள். ஆனால் 6.30 என்பது துபாய் நேரம். அப்போது நமக்கு மணி 8. அவர் மதுரையில் இறங்கும்போதே பகல் 12. பறக்கும்போது போனும் கிடைக்கவில்லை. வீடு வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. ஒன்றரை மணி நேரக் கணக்குப் பிசகியதால் அத்தாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாமல் போயிற்று.

இந்த நிலை இனி எந்த வீட்டுக்கும் வரக்கூடாது என்றே இதை எழுதுகிறோம்.

பூமி 24 மணி நேரத்தில் 360 டிகிரி சுற்றுகிறது. அதாவது மணிக்கு 15 டிகிரி. நமக்குக் கிழக்கே உள்ளவர்களுக்குச் சூரியன் முந்தி உதிக்கிறது, மேற்கே உள்ளவர்களுக்குப் பிந்தி உதிக்கிறது. அதனால் கிழக்கு நாடுகளுக்குக் கூட்ட வேண்டும், மேற்கு நாடுகளுக்குக் கழிக்க வேண்டும்.

இந்தியா முழுவதற்கும் 82.5 டிகிரி கோட்டை வைத்து 1906 ஜனவரி 1 முதல் ஒரே நேரம் வந்தது. நம் அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் அந்தக் கோட்டுக்கு மேற்கே, சுமார் 78 டிகிரியில் இருக்கின்றன. அதனால்தான் இங்கே சூரியன் உச்சி சாய்வது சரியாக 12-க்கு அல்ல, வருடத்தில் 12.02-லிருந்து 12.32 வரை மாறுகிறது.

நம் மணியிலிருந்து அவர்கள் மணியை அறிய:

சவூதி, குவைத், கத்தார், பஹ்ரைன்: 2.30 மணி நேரம் கழிக்கவும்.
துபாய், அபுதாபி, ஷார்ஜா, ஓமன்: 1.30 கழிக்கவும்.
மலேசியா, சிங்கப்பூர், புருனை: 2.30 கூட்டவும்.
இங்கிலாந்து: 5.30 கழிக்கவும். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை 4.30 மட்டும் கழிக்கவும்.
இலங்கை: நம் மணியேதான்.

அவர்கள் சொல்லும் மணியை நம் மணியாக்க இதையே திருப்பிச் செய்யுங்கள்: கழித்ததைக் கூட்டவும், கூட்டியதைக் கழிக்கவும்.

மலேசியா, சிங்கப்பூர் போய் வந்த பெரியவர்கள் "ரெண்டு மணி நேரம்தான் வித்தியாசம்" என்பார்கள். அவர்கள் காலத்தில் அது சரி. 1982 ஜனவரி 1 முதல் அங்கே அரை மணி நேரம் முன்னே தள்ளிவிட்டார்கள்.

இஷா தொழுதுவிட்டு இரவு 9 மணிக்கு நாம் கூப்பிட்டால், ரியாத்தில் மாலை 6.30, பிள்ளை வேலை முடிந்து வரும் நேரம். கோலாலம்பூரிலோ இரவு 11.30, அசந்து தூங்கும் நேரம்.

டிக்கெட் பார்க்கும்போது இரண்டு விஷயங்கள். ஒன்று, புறப்படும் மணி புறப்படும் ஊருடையது, இறங்கும் மணி இறங்கும் ஊருடையது. மதுரையில் இறங்கும் மணி என்று போட்டிருந்தால் அது நம் மணிதான். அதில் கூட்டவோ கழிக்கவோ வேண்டாம். இரண்டு, 15-ஆம் தேதி 00.30 என்றிருந்தால், 14-ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 15-ஆம் தேதி இரவு போனால் விமானம் முந்தின இரவே போயிருக்கும்.

ஒன்றை நினைவில் வையுங்கள்: இந்தக் கணக்கு கடிகாரத்துக்கு மட்டுமே. அங்குள்ள தொழுகை நேரம், இஃப்தார் நேரம் அந்த ஊர்ச் சூரியனைப் பொறுத்தது. அதைப் பிள்ளைகளிடமே கேளுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். அவசரச் செய்தி அனுப்பும்போது "இந்திய நேரம்" என்ற இரண்டு வார்த்தையைச் சேர்த்து எழுதுங்கள். வீட்டில் இருப்பவர்கள் இந்தப் பட்டியலை வெட்டி, காலண்டர் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். இன்ஷா அல்லாஹ், தேவைப்படும் நேரத்தில் கைகொடுக்கும்.