சாதன இயக்கிப் பிணைப்பு

சாதன இயக்கிப் பிணைப்பு என்பது கணினியிலுள்ள ஒவ்வொரு வன்பொருளையும் இயங்குதளம் கண்டறிந்து, அதை இயக்கத் தெரிந்த மென்பொருளுடன் இணைக்கும் செயல்முறை ஆகும். இம்மென்பொருள் சாதன இயக்கி அல்லது டிரைவர் எனப்படுகிறது. வலையட்டை, ஒலியட்டை, அச்சுப்பொறி என எதுவாயினும், உரிய இயக்கி பிணைந்த பிறகே அது முழுமையாக வேலை செய்யும்.

புதுச்சேரியின் கணினித் தொழில்

எச்சிஎல், விப்ரோ, ஏசர், லெனோவோ ஆகிய நிறுவனங்கள் புதுச்சேரியில் கணினித் தயாரிப்பு ஆலைகளை அமைத்தன. தன் புதுச்சேரி ஆலையில் ஆண்டுக்கு 50,000 செயற்கை நுண்ணறிவு சர்வர்கள் தயாரிக்கப்படும் என லெனோவோ 2024இல் அறிவித்தது. இத்தகைய ஆலைகளில் பல நிறுவனங்களின் பாகங்கள் ஒன்றுசேர்கின்றன. ஒரே மாதிரியைச் சேர்ந்த இரு கணினிகளில்கூட வைஃபை அட்டை வெவ்வேறு நிறுவனத்தினுடையதாக இருக்கலாம். எனினும், ஒரே இயங்குதளத்தை இரண்டிலும் நிறுவ முடிகிறது. எந்தப் பாகம் எங்கே உள்ளது என்பதை இயங்குதளமே கண்டறிந்துகொள்வதே இதற்குக் காரணம்.

ஊகித்துத் தேடும் முறை

1980களின் ஐஎஸ்ஏ அட்டைகளுக்குத் தம்மை அடையாளம் காட்டும் வசதி இல்லை. அட்டையின் முகவரியையும் குறுக்கீட்டு எண்ணையும் பயனரே ஜம்பர் எனும் சிறு செருகிகளால் அமைத்து, அதே எண்களை மென்பொருளிலும் குறிப்பிட வேண்டியிருந்தது. இல்லையெனில், இயக்கி வழக்கமான முகவரிகளில் ஏதேனும் எழுதி, பதில் வருகிறதா என்று சோதிக்கும். அந்த முகவரியில் வேறொரு சாதனம் இருந்தால் கணினி உறைந்துபோகவும் கூடும்.

ஐ2சி எனும் இணைப்பிலும் இதே சிக்கல் இருந்தது. வெப்பநிலை உணரிகளைத் தேடும் ஒரு லினக்ஸ் மென்பொருள், ஐபிஎம் திங்க்பேட் மடிக்கணினிகள் சிலவற்றில் ஒரு நினைவகச் சில்லின் தரவைச் சிதைத்தது. அதன்பின் அக்கணினிகள் தொடங்கவே இல்லை. இதையடுத்து, ஐபிஎம் கணினி எனத் தெரிந்தால் இயங்க மறுக்கும் காப்பு லினக்ஸ் இயக்கியில் சேர்க்கப்பட்டது. தவறான ஊகம் வன்பொருளையே முடக்கிவிடும் என்பதற்கு இது ஒரு சான்று.

அடையாள எண்கள்

1992இல் இன்டெல் அறிமுகப்படுத்திய பிசிஐ இணைப்பு இந்நிலையை மாற்றியது. ஒவ்வொரு பிசிஐ சாதனமும் தயாரிப்பாளர் எண், சாதன எண் ஆகிய இரு 16 பிட் எண்களைக் குறிப்பிட்ட இடத்தில் வைத்திருக்கும். பதினறும முறையில் இன்டெலின் தயாரிப்பாளர் எண் 8086 ஆகும். இயங்குதளம் ஒவ்வொரு இடத்திலும் இந்த எண்களைப் படிக்கும்; சாதனம் இல்லாத இடத்தில் FFFF என்ற மதிப்பு கிடைக்கும். எதையும் எழுதிப் பார்க்கத் தேவையில்லாததால் இத்தேடல் பாதுகாப்பானது. 1996இல் வெளிவந்த யுஎஸ்பியும் இத்தகைய எண்களைப் பயன்படுத்துகிறது. சாதனத்தின் வகையைக் குறிக்கும் எண்ணும் அதில் உண்டு. இதனால்தான் புதிய நிறுவனத்தின் பென்டிரைவ்கூடத் தனி இயக்கி இன்றி வேலை செய்கிறது.

லினக்ஸில் பிணைப்பு நிகழும் விதம்

2003இல் வெளியான லினக்ஸ் 2.6 பதிப்பு, எல்லா வகை இணைப்புகளுக்கும் பொதுவான சாதன மாதிரியைக் கொண்டுவந்தது. அதில் பிணைப்பு பின்வரும் வரிசையில் நடைபெறுகிறது.

1. ஒவ்வொரு இயக்கியும் தான் ஆதரிக்கும் அடையாள எண்களின் அட்டவணையைக் கொண்டிருக்கும்.
2. புதிய சாதனம் தென்பட்டதும் கருனி அதன் எண்களை அறிவிக்கும். பொருந்தும் இயக்கி நினைவகத்தில் ஏற்றப்படும்.
3. கருனி அந்த இயக்கியிடம் சாதனத்தை ஒப்படைக்கும். இயக்கி அதைச் சோதித்து ஏற்கும் அல்லது மறுக்கும்.
4. தேவையான வேறொரு சாதனம் இன்னும் தயாராகவில்லை என்றால், இயக்கி பிணைப்பைத் தள்ளிவைக்கக் கோரலாம்.
5. சாதனம் கழற்றப்பட்டால் பிணைப்பு விடுவிக்கப்படும்.

பழைய முறையில் இயக்கி சாதனத்தைத் தேடிச் சென்றது. புதிய முறையில் இருவரையும் சேர்த்துவைக்கும் பொறுப்பு கருனியுடையது.

தன்னை அடையாளம் காட்டாத வன்பொருள்

கைப்பேசிகளிலும் சிறு கணினிப் பலகைகளிலும் உள்ள பல சில்லுகளுக்கு அடையாள எண் கிடையாது. இவற்றுக்கு ‘டிவைஸ் ட்ரீ’ எனும் விவரக்கோப்பு பயன்படுகிறது. எந்தச் சில்லு எந்த முகவரியில் உள்ளது என்பதைப் பலகையை வடிவமைத்தவரே அதில் எழுதிவிடுவார். இயக்கி ஊகிக்காமல் அதைப் படித்துக்கொள்ளும். சென்னை ஐஐடியின் சக்தி திட்டத்தில் உருவான செயலி 2018இல் லினக்ஸை இயக்கியது. சக்தி சார்ந்துள்ள ரிஸ்க்-வி கட்டமைப்பிலும் லினக்ஸுக்கு வன்பொருளை விவரிக்க டிவைஸ் ட்ரீ பயன்படுகிறது.

வரம்புகள்

சாதனத்தைக் கண்டறிவது மட்டும் போதாது. அதற்கான இயக்கியும் இருக்க வேண்டும். எண் தெரிந்தும் இயக்கி இல்லாத சாதனம் பயனற்றே இருக்கும். சில வேளைகளில் இயக்கி இருந்தும் அதன் அட்டவணையில் சாதனத்தின் எண் மட்டும் விடுபட்டிருக்கும். அப்போது லினக்ஸில், இயங்கிக்கொண்டிருக்கும் இயக்கியிடமே புதிய எண்ணைத் தெரிவிக்க முடியும். பழுதானது என ஒதுக்கப்பட்ட அட்டை, இந்த ஒரு வரியால் மீண்டும் பயன்பாட்டுக்கு வரக்கூடும்.