பச்சை வாந்தி

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களில் கைக்குழந்தை விடாமல் கக்கினால், வீட்டுப் பெரியவர்கள் முதலில் சந்தேகிப்பது குடலேற்றத்தையும் உரத்தையும்தான். வயிற்றில் விளக்கெண்ணெய் தடவி நீவுவதும், உரம் எடுக்கத் தெரிந்த கிழவியைத் தேடிப் போவதும் வழிவழியாக வந்த வழக்கங்கள். பால் கக்குவது பெரும்பாலும் தானே நின்றுவிடுவதால் அந்த நம்பிக்கைக்குப் பங்கமும் நேர்வதில்லை. ஆனால் பிறந்து சில நாட்களே ஆன சிசு பச்சையாக வாந்தி எடுத்தால் விஷயம் வேறு.

கருவில் வளர்கையில் சுழன்று தன் ஸ்தானத்தில் நிலைகொள்ள வேண்டிய குடல் அரைகுறையாக நின்றுவிட்ட குழந்தைக்கு, பிறந்தபின் ஒருநாள் அது தன் ரத்தநாளத்தையே அச்சாகக் கொண்டு முறுக்கிக்கொள்ள, பித்தம் இறங்க வழியின்றி மேலேறிப் பச்சையாக வெளிவருகிறது. ரத்தம் தடைப்பட்ட குடலோ சில மணி நேரத்தில் கறுக்கத் தொடங்குகிறது. உடனே வயிற்றைத் திறந்து முறுக்கை அவிழ்த்தால் குடல் பிழைக்கும். தாமதித்தால் அழுகியதை வெட்டியெடுப்பது தவிர மார்க்கமில்லை.

நிறைமாதச் சிசுவின் சிறுகுடல் 2 முதல் 2½ மீட்டர் வரை இருக்கும்; அதில் ஒரு சாண் மட்டுமே மிஞ்சிய குழந்தை, பாலைக் குடித்துக்கொண்டே பட்டினி கிடக்கிறது. 1960-களின் இறுதியில் பிலடெல்பியாவில் ஸ்டான்லி டட்ரிக்கும் அவருடைய சகாக்களும் பெரிய சிரையின் வழியாகவே முழு ஆகாரத்தையும் செலுத்தி ஒரு சிசுவை வளர்த்துக் காட்டிய பிறகுதான் இத்தகையோருக்கு ஜீவாதாரம் கிடைத்தது. ஆயினும் மாதக்கணக்கில் அப்படி ஊட்டினால் கல்லீரல் கெடும், குழாய் வழியே கிருமி புகும். ஆகவே, மிஞ்சிய குடலையே நீட்ட வழி தேடினார்கள். விரிந்த குடலை நெடுக்காகப் பிளந்து இரு குழாய்களாக்கி, ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கும் முறையை 1980-இல் ஆட்ரியன் பியாங்கி வெளியிட்டார். இருபுறமிருந்தும் மாறி மாறிப் பாதியளவு தைத்து வெட்டி, நேர்வழியை வளைவழியாக்கும் முறை 2003-இல் பாஸ்டனிலிருந்து வந்தது. நல்ல தையற்காரரின் யுக்தி!

இவையும் கைகொடாதபோது எஞ்சுவது மாற்றுக் குடல். 2022-இல் சென்னை குரோம்பேட்டை ரேலா மருத்துவமனையில், முறுக்கினால் குடலை இழந்த 4 வயதுச் சிறுவனுக்குத் தந்தையின் சிறுகுடலில் 150 செ.மீ. எடுத்துப் பொருத்தினார்கள். விழுப்புரத்தையும் திண்டிவனத்தையும் தொட்டுச் செல்லும் ஜி.எஸ்.டி. சாலைதான் குரோம்பேட்டைக்கும் போகிறது. ஆனால் அவ்வளவு தூரம் போக நேராதிருப்பதே பாக்கியம். இவ்விரு ஊர்களுக்கும் இடையில் முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. குழந்தைகளுக்கான சஸ்திர சிகிச்சைப் பிரிவு உள்ள புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை, இரண்டு ஊர்களிலிருந்தும் ஏறக்குறைய 40 கி.மீ.தான். வாந்தி பச்சை என்று கண்டதும் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு 108-ஐ அழையுங்கள்.