புயலுக்குக் கண்ணில்லை

இயற்கையின் சீற்றத்துக்கு ஆண், பெண் என்ற வேற்றுமை உண்டா? ‘இல்லை’ என்றே எவரும் விடை கூறுவர். காற்றும் கடலும் ஆள் பார்த்து அடிப்பதில்லை. அப்படியானால், பேரிடர் ஓய்ந்தபின் எடுக்கும் சாவுக் கணக்கில் பெண்களின் தொகை ஏறி நிற்பது ஏன்? அறிவியல் பயிலும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா இது.

1991 ஏப்ரல் 29 இரவு, வங்காளதேசத்தின் சிட்டகாங் கரையைக் கடும்புயல் ஒன்று தாக்கியது. வங்கக் கடலின் வடகோடி ஆழம் குறைந்தது. புனல்போல் குறுகிச் செல்வது. ஆகவே காற்று தள்ளிவரும் நீர், பரவ வழியின்றி மேலெழுகிறது. அன்று கடல் ஏறத்தாழ 6 மீட்டர் உயர்ந்து ஊருக்குள் புகுந்தது. மாண்டோர் சுமார் 1,38,000 பேர். 20 முதல் 44 வயது வரையுள்ள ஆண்களில் ஆயிரத்துக்கு 15 பேர் இறந்தனர். பெண்களிலோ 71 பேர்!

எச்சரிக்கை இல்லாமற் போகவில்லை. ஆனால் அது ஒலித்தது ஆடவர் கூடும் கடைத்தெருவில். வீட்டிலிருந்த பெண், கணவன் வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தாள். கிளம்பியபோதும் இடுப்பில் ஒரு குழந்தை, கையில் ஒரு குழந்தை, காலைத் தடுக்கும் சேலை, நீச்சலோ அறியாள். காப்பிடத்தில் ஆண்களோடு நெருக்கியடித்து நிற்க வேண்டும். தனிக் கழிப்பிடமும் இல்லை. ஆய்வாளர் பின்னர் சில ஊர்களில் விசாரித்தபோது, உறுதியான கட்டடத்தை அடைந்த அனைவரும் பிழைத்திருந்தனர். அடையாதோரில் 22 விழுக்காட்டினர் மாண்டிருந்தனர். எனவே, உயிரைத் தீர்மானித்தது காற்றின் வேகம் மட்டுமன்று. யார் சென்று சேர முடிந்தது என்பதுங்கூட.

இது அயல்நாட்டுக் கதை என்று எண்ண வேண்டா. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நம் கடலூர் மாவட்டத்தில் இறந்த பெண்கள் 391, ஆண்கள் 146 என்கிறது ஒரு கணக்கு. ஆழ்கடலில் அந்த அலை உயரம் குறைந்தது. படகிலிருந்தோர் அதனை உணராமலே தப்பினர். கரையில்தான் அது சுவராக எழுந்தது. அன்று எனக்கு இரண்டு வயது. அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியதால் இதை எழுதுகிறேன். இரு பிள்ளைகளைத் தூக்கிய அடுத்த வீட்டு அக்காள் திரும்பவில்லை.

விதி என்று இதனை விட்டுவிடலாமா? கூடாது. வங்காளதேசத்தில் புயல் காப்புத் தொண்டர்களாகப் பெண்களும் சேர்க்கப்பட்டனர். இன்று அவர்கள் சுமார் பாதிப்பேர். வீட்டு வாசலில் நின்று பெண்ணிடம் பெண் சொல்லும் எச்சரிக்கை அடுப்பங்கரை வரை செல்கிறது. காப்பிடங்களும் பெருகின. 2007-இல் வீசிய சித்ர் புயலில் இறந்தோர் ஏறத்தாழ 3,400 பேர். அப்போதும் பெண்களே மிகுதி. பணி முடியவில்லை என்பதே பொருள். இழப்புக் கணக்கை ஆண், பெண் எனப் பிரித்து எடுக்கவேண்டும் என்று 2015-இல் ஜப்பானின் செண்டாய் நகரில் உலக நாடுகள் உடன்பட்டன.

நண்பர்களே! நம்மிற் சிலர் நாளை வானிலை நிலையங்களில் பணியாற்றுவோம். புயலின் பாதையைச் சரியாகக் கணித்தால் கடமை முடிந்ததாக எண்ணுவோம். அந்தச் செய்தி யார் காதில் விழும், கேட்டவள் எழுந்து புறப்பட முடியுமா என்று கேட்டபின்னரே அந்தக் கணக்கு முடிவடையும்.