தேசிய மருத்துவர்கள் தினம்: ஜூலை 1 ஏன்? நன்றியுடன் பாதுகாப்பும் தேவை

இந்தியாவில் ஆண்டுதோறும் ஜூலை 1-ஆம் தேதி தேசிய மருத்துவர்கள் தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. புகழ்பெற்ற மருத்துவரும் மேற்கு வங்க முன்னாள் முதலமைச்சருமான பிதான் சந்திர ராயின் நினைவாக, 1991-ஆம் ஆண்டு முதல் இந்நாள் மருத்துவர்களுக்கு நன்றி தெரிவிக்கும் நாளாக அமைந்துள்ளது. அவர் 1882 ஜூலை 1-இல் பாட்னாவில் பிறந்து, 1962-இல் அதே தேதியில் மறைந்தார்.

லண்டன் செயின்ட் பர்த்தலோமியூ மருத்துவமனையில் பயின்ற ராய், பொது மருத்துவம், அறுவை சிகிச்சை ஆகிய இரண்டிலும் உயர் தகுதிகளைப் பெற்று 1911-இல் நாடு திரும்பினார். 1948 முதல் இறுதிக்காலம் வரை முதலமைச்சராக இருந்தபோதும், நோயாளிகளை இலவசமாகப் பார்ப்பதை அவர் கைவிடவில்லை. 1961-இல் அவருக்கு பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது.

மருத்துவர்கள் தினம் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. அறுவை சிகிச்சையில் ஈதர் மயக்க மருந்து 1842-இல் முதன்முறையாகப் பயன்படுத்தப்பட்ட மார்ச் 30-ஐ அமெரிக்கா தேர்ந்தெடுத்தது. மஞ்சள் காய்ச்சல் கொசுக்களால் பரவுவதை எடுத்துரைத்த கார்லோஸ் பின்லேயின் பிறந்த நாளான டிசம்பர் 3-இல் கியூபா இத்தினத்தைக் கொண்டாடுகிறது.

கேரளத்தில் இந்த நாள் நன்றியுடன் ஒரு துயரத்தையும் நினைவூட்டுகிறது. 2023 மே 10-ஆம் தேதி அதிகாலை, கொல்லம் மாவட்டம் கொட்டாரக்கரை தாலுகா மருத்துவமனையில் பணியிலிருந்த 23 வயது பயிற்சி மருத்துவர் வந்தனா தாஸ், சிகிச்சைக்காகப் போலீசார் அழைத்து வந்த நபரால் குத்திக் கொல்லப்பட்டார். மறைவுக்குப் பின் அவருக்கு வழங்கப்பட்ட எம்.பி.பி.எஸ். பட்டத்தைப் பெற்றோர் பெற்றுக்கொண்டனர்.

அதே மாதத்தில், மருத்துவப் பணியாளர் பாதுகாப்புச் சட்டத்தைக் கடுமையாக்கும் அவசரச் சட்டத்தைக் கேரள அரசு கொண்டுவந்தது. கொடுங்காயம் விளைவிப்போருக்கு 7 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையும், 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க அது வகை செய்தது. துணை மருத்துவ மாணவர்கள், காவலாளிகள் ஆகியோருக்கும் பாதுகாப்பு விரிவுபடுத்தப்பட்டது. வழக்குப் பதிவான 60 நாட்களுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்றும் கூறப்பட்டது.

இதன் முக்கியத்துவம் தமிழக எல்லையை ஒட்டிய சித்தூர் போன்ற பகுதிகளில் தெளிவாகப் புலப்படும். பாலக்காடு மாவட்டத்தின் இந்தத் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி உள்ளிட்ட ஊராட்சிகளில் தமிழ் பேசும் மக்கள் பெருமளவில் வசிக்கின்றனர். எல்லையோரச் சிற்றூர்களில் இரவில் நெஞ்சுவலி, பாம்புக்கடி, விபத்து என எது நேர்ந்தாலும், தனியார் மருத்துவமனைக்குச் செல்ல வசதியற்ற குடும்பத்துக்கு முதல் புகலிடம் அரசு மருத்துவமனையே. இரவுப் பணியில் இருக்கும் மருத்துவர் அச்சமின்றிப் பணியாற்ற முடியாவிட்டால், முதலில் பாதிக்கப்படுவது இத்தகைய குடும்பங்களே ஆகும்.

மருத்துவருக்குக் கூற வேண்டிய நன்றி பூங்கொத்துடன் முடிந்துவிடுவதில்லை. அவசர சிகிச்சைப் பிரிவில் கூட்டமாகத் திரளாமல் இருப்பது, ஆபத்தான நிலையில் உள்ளவருக்கு முன்னுரிமை தருவது, முந்தைய மருந்துச் சீட்டுகளை உடன் கொண்டுவருவது ஆகியவை நோயாளிகளின் உறவினர்களால் இயன்ற உதவிகள். போதிய மருத்துவர்களையும் இரவுக் காவலையும் ஏற்பாடு செய்வது அரசின் கடமை. நோயின் நிலையை நோயாளிக்குப் புரியும் மொழியில் எடுத்துரைப்பது மருத்துவமனையின் பொறுப்பு. இம்மூன்றும் ஒன்றுசேரும்போதே மருத்துவர்கள் தினம் முழுப் பொருள் பெறும்.